கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், சிலைமானைத் தாண்டினால் கீழடி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். 2023 மார்ச் 5 அன்று இங்கே அகழாய்வில் கிடைத்த பழம்பொருள்களுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் இந்த ஊர் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது. அதில் மகிழ்ச்சிதான். ஆனால் பல பள்ளிகள் இதை மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கின்றன. பேருந்திலிருந்து இறங்கி, வரிசையாக உள்ளே போய், கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து, வாசலில் ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போன பிள்ளையிடம் மறுநாள் கேட்டால் "பானை பார்த்தோம் சார்" என்பதைத் தாண்டி எதுவும் வராது.

இந்த வழிகாட்டி வேறொரு முறையைச் சொல்கிறது. கீழடிக்கு அரை நாளை முழுசாக ஒதுக்குங்கள். உள்ளே இருப்பவற்றில் ஐந்தாறு பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை நின்று நிதானமாகப் பார்க்க வையுங்கள். மற்றவை கண்ணில் பட்டால் படட்டும். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான ஐம்பது பேர் கொண்ட, ஒரு பேருந்துக் குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் போகலாம்

பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான நாள்கள்தான் என் முதல் தேர்வு. வெயில் ஏறியிருக்காது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை இந்த நாள்களில் அசைக்க முடியாது. அவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் பரவாயில்லை, ஆனால் தண்ணீரும் நிழலும் கூடுதலாக வேண்டும். சனி, ஞாயிறு, பொங்கல் வாரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குடும்பங்களாக வரும் கூட்டத்தில் ஒரு பெட்டியின் முன் பத்துப் பிள்ளைகள் நிற்கவே இடம் இருக்காது. வார விடுமுறை எந்த நாள், குழுக்களுக்கு எந்த நேரம் வசதி என்பதைத் தேதி குறிக்கும் முன்பே அருங்காட்சியகத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தேதி குறித்தபின் மாற்றுவது பெரிய தலைவலி.

ஆறு வாரத்துக்கு முன்: அனுமதியும் கடிதங்களும்

முதலில் தலைமையாசிரியர், அப்புறம் கல்வித் துறை. பள்ளிச் சுற்றுலாக்களுக்கென்று கல்வித் துறை வெளியிடும் நெறிமுறைகளை வாங்கிப் படித்து, அதன்படி விண்ணப்பியுங்கள். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கையெழுத்தோடு வேண்டும். அந்தக் கடிதத்திலேயே ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, பேருந்தில் வாந்தி, தினமும் எடுக்கும் மருந்து ஆகியவற்றைக் கேட்டுவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டால் பாதிப் பேர் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அருங்காட்சியகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர் எண்ணிக்கை, வந்து சேரும் நேரம், சக்கர நாற்காலி தேவைப்படும் பிள்ளைகள் உண்டா, விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைப்பாரா, பேருந்தை எங்கே நிறுத்துவது, மதிய உணவு சாப்பிட வளாகத்தில் இடம் உண்டா ஆகியவை போதும். பதில் வந்ததும் அதன் நகலையும் உங்கள் கடிதத்தின் நகலையும் ஒரே உறையில் போட்டுப் பயண நாளன்று கையில் வைத்திருங்கள்.

செலவில் நுழைவுக் கட்டணம் சிறு பகுதிதான், பேருந்துதான் பெரும் பங்கு. வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, பர்மிட், ஓட்டுநர் உரிமம் நான்கையும் நேரில் பார்த்து நகல் வாங்குங்கள். பணம் கட்ட முடியாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் கையை உயர்த்திச் சொல்லவேண்டிய நிலை வரவே கூடாது. மொத்தச் செலவைக் கணக்கிடும்போதே அவர்களுக்கான தொகையைப் பள்ளி நிதியிலிருந்தோ முன்னாள் மாணவர்களிடமிருந்தோ ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் பிள்ளைகளிடம் வசூலிக்க வேண்டும்.

நீங்கள் ஒருமுறை முன்னால் போய்ப் பாருங்கள்

தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொறுப்பாசிரியர்களில் இரண்டு பேர், முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக, பிள்ளைகள் இல்லாமல் ஒருநாள் போய்வர வேண்டும். கழிவறைகள் எத்தனை, தண்ணீர் எங்கே, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை நிழல் உண்டா, அங்கே காட்டும் காணொளி எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூடங்களை ஒரு சுற்று வாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தூண்களுமாகக் கட்டப்பட்ட கட்டடம் இது. காட்சிகள் ஆறு தலைப்புகளில் பிரிக்கப்பட்டுள்ளன. மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய் கோ (பானை செய்யும் குயவர்), ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல் என்பவை அவை. ஆறு தலைப்பு என்பது குழு பிரிப்பதற்கும் வசதி. ஐம்பது பேரை எட்டு ஒன்பது பேராகப் பிரித்தால் ஆறு குழு. ஒவ்வொன்றும் வேறு தலைப்பில் தொடங்கிச் சுற்றிவரலாம்.

அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் அருங்காட்சியகத்துக்குச் சற்றுத் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. குழிகள் எப்போதும் திறந்திருப்பதில்லை. பருவம் முடிந்ததும் சில குழிகளை மூடிவிடுவது அகழாய்வில் வழக்கம். நீங்கள் போகும் மாதத்தில் எதைப் பார்க்க அனுமதி உண்டு என்பதையும் இந்த முன்பயணத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டிய பொருள்கள்: என் பட்டியல்

தேர்வு உங்களுடையது. நான் பரிந்துரைக்கும் ஆறையும், ஒவ்வொன்றின் முன்னும் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

பெயர் கீறிய பானை ஓடு முதலிடம். தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2018-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழ்-பிராமி (தமிழின் பழைய எழுத்து வடிவம்) பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற ஆள்பெயர்கள் அவற்றில் உள்ளன. எழுத்தில் உள்ள வேறுபாடுகளை வைத்து, பலரும் தங்கள் கையாலேயே பெயரைக் கீறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள், "பானையில் ஒருவர் எதற்காகப் பெயர் எழுதுவார்?" உடனே பதில் வரும். கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அண்டாவிலும் குத்துவிளக்கிலும் பெயர் வெட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறதே. அடுத்த கேள்வி, "அரசனும் புலவனும் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் என்றால், சமையல் பானையில் பெயர் எப்படி வந்தது?" இதற்கு அவர்களே விவாதித்துக்கொள்ளட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு. ஆறு பக்கத்திலேயே ஓடும்போது கிணறு எதற்கு என்று கேளுங்கள். வைகை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல என்பது தென் மாவட்டப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதிலிருந்து அவர்களே பிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, கறுப்பு சிவப்புப் பானை. உள்ளேயும் வாய்ப்பகுதியிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. வர்ணம் பூசியதல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கத்துக்குக் காற்று போகாமல் கறுக்கிறது, காற்றுப் படும் வெளிப்பக்கம் மண்ணில் உள்ள இரும்பால் சிவக்கிறது. அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால் இந்த இடத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வரலாறும் வேதியியலும் ஒரே பானையில் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

நான்காவது, நூல் நூற்கும் தக்களியும் எலும்பில் செய்த கூர்முனைகளும். துணி மண்ணில் மக்கிப்போகும், கருவி மிஞ்சும். இல்லாத ஒரு பொருளை இருக்கும் பொருளிலிருந்து எப்படி ஊகிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது, சூதுபவள மணி. இந்தச் சிவப்புக் கல் கீழடிப் பக்கம் கிடைப்பதல்ல. அப்படியானால் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார், மாற்றாக எதைக் கொடுத்திருப்பார்கள்? கடல்வழி வணிகப் பகுதிக்குப் போகும் குழு இந்தக் கேள்வியோடு போகட்டும்.

கடைசியாக, விளையாட்டுப் பொருள்கள். பகடை, ஆட்டக்காய், சுடுமண் வட்டச் சில்லு. எந்த விளக்கமும் தேவையில்லை. பாண்டி ஆடிய பிள்ளை சில்லைப் பார்த்ததும் நின்றுவிடும்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் ஈமத்தாழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கீழடிக்குப் பக்கத்தில் இருக்கும் கொந்தகை, இறந்தவர்களைத் தாழியில் அடக்கம் செய்த இடுகாடாக இருந்திருக்கிறது. "கலம் செய் கோ" என்ற தலைப்பே புறநானூற்றின் 256-ஆம் பாடலை நினைவூட்டுவதுதான். கணவனை இழந்த பெண், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கும் பாடல் அது. தமிழாசிரியர் அந்தப் பாடலை முதல்நாளே வகுப்பில் சொல்லியிருந்தால், தாழியின் முன் பிள்ளைகள் நிற்கும் விதமே வேறாக இருக்கும். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்த பிள்ளை குழுவில் இருந்தால் முன்கூட்டியே தனியாகப் பேசி, விருப்பம் இல்லையென்றால் அந்தப் பகுதியைத் தவிர்க்க விடுங்கள்.

போவதற்கு முந்தைய வாரம் வகுப்பில்

மூன்று பாடவேளை ஒதுக்குங்கள்.

முதல் நாள், ஒரு கயிறு. ஒரு மீட்டர் என்றால் நூறு ஆண்டு என்று வைத்துக்கொண்டு 26 மீட்டர் கயிற்றை மைதானத்தில் நீட்டுங்கள். ஒரு முனை இன்று. ஏறத்தாழ 80 சென்டிமீட்டரில் நாட்டு விடுதலை. நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் திருமலை நாயக்கர் மகால். பத்து மீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில். கயிற்றின் மறுமுனையில் கீழடி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிள்ளையை நிற்க வையுங்கள். மறுமுனையில் நிற்கும் பிள்ளை கத்திக் கூப்பிட்டால்தான் இந்த முனைக்குக் கேட்கும்.

இரண்டாம் நாள், உடைந்த பானை. இரண்டு மூன்று மண்சட்டிகளில் ஆணியால் பெயரும் குறியும் கீறி, துணியில் சுற்றி உடைத்து, குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சில ஓடுகளை வேண்டுமென்றே எடுத்து ஒளித்துவிடுங்கள். கிடைத்ததை வைத்து என்ன சொல்ல முடிகிறது, எதைச் சொல்ல முடியாது என்று அவர்கள் எழுத வேண்டும். தமிழ்-பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டிவைத்தால், சொல்லாமலே எல்லாரும் தங்கள் பெயரை எழுதிப் பார்த்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள், கி.மு. 580 என்ற ஆண்டு. இதைப் பிள்ளைகள் செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டிருப்பார்கள். அது எப்படி வந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். குழியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, கரிமக் காலக்கணிப்பில் (பழைய பொருளில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறை) கிடைத்த ஆண்டு அது. 2019-இல் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. 353 சென்டிமீட்டரைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள், வகுப்பறைக் கதவைவிட உயரம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அந்த ஆழத்துக்கு உரியது. அருங்காட்சியகத்தில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே காலத்தவை அல்ல. மக்கள் அங்கே பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கீழடி என்றதும் "உலகத்துக்கே முதல்" என்று பேச நம் நாக்கு துடிக்கிறது. பெருமைப்பட அங்கே நிறையவே இருக்கிறது. ஆனால் கிடைத்த சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு சொல்லப் பழகிய பிள்ளைதான் நாளை குழியில் இறங்கி வேலை செய்யும். 2014-இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு, நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறையின் கையில் தொடர்கிறது. காலக்கணிப்பு பற்றி அறிஞர்களிடையே விவாதமும் நடக்கிறது. விவாதம் நடப்பது அறிவியலில் இயல்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பணித்தாள்

ஒரு தாள், இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். "பின்வரும் கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று போட்டால் பிள்ளைகள் பொருளைப் பார்க்காமல் விளக்கப் பலகையைப் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பதில் நான்கு வேலை கொடுங்கள். ஒரு பொருளை வரை. அது எதனால் ஆனது, எப்படித் தெரியும் என்று எழுது. உன் வீட்டில் அதே வேலையைச் செய்யும் பொருள் எது? பலகையில் பதில் இல்லாத ஒரு கேள்வியை எழுது. நான்காவதுதான் முக்கியம். பரீட்சை அட்டையும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், மை கசிந்து சுவரிலோ பெட்டியிலோ பட்டால் சங்கடம்.

பயண நாள்

இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பள்ளி என்றால் காலை ஏழரைக்குக் கிளம்பினால் பத்து மணி வாக்கில் வாசலில் இருக்கலாம். இறங்கியதும் கழிவறை, தண்ணீர், தலை எண்ணிக்கை. அப்புறம் காணொளி, அதன்பின் கூடங்கள். ஒரு தலைப்புக்குப் பதினைந்து நிமிடம் வைத்தால் ஆறு குழுக்களும் சுற்றிவர ஒன்றரை மணி நேரம். இதற்குமேல் அரைமணி நேரம் சும்மா விடுங்கள். தனக்குப் பிடித்த பெட்டிக்குத் திரும்பிப் போக ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை வேண்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர், அவர் கையில் பெயர்ப்பட்டியல். மாணவிகள் இருக்கும் குழுவில் ஆசிரியை கட்டாயம். அவர் பையில் சானிட்டரி நாப்கின் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டி, வாந்திக்கான பைகள், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பேருந்தில் ஏறும்போதே சரிபார்க்க வேண்டியவை. 108, 112, குழந்தைகள் உதவி எண் 1098 மூன்றும் எல்லாப் பெரியவர்களின் போனிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் சட்டையில் குத்தும் அட்டையில் பள்ளியின் பெயரும் பொறுப்பாசிரியரின் எண்ணும் போதும். குழந்தையின் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடாதீர்கள், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழிசெய்யும்.

மதிய உணவு புளியோதரையோ எலுமிச்சை சாதமோ நல்லது. தயிர்சாதம் பேருந்துச் சூட்டில் புளித்துவிடும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை குழுவில் இருந்தால், கண்ணாடிப் பெட்டி அவருக்கு வெறும் கண்ணாடிதான். கறுப்புச் சட்டி ஓடு, மண் மணி, சில்லு, தக்களி போன்று செய்தவை என்று ஒரு சிறு பையைத் தயாரித்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்னும் அதற்கு இணையான பொருளைக் கையில் கொடுக்கலாம். மற்ற பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள், கொடுங்கள்.

திடலைப் பார்க்கப் போனால் ஒரே ஒரு கண்டிப்பு. கீழே கிடக்கும் ஓட்டுத் துண்டைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால் அந்த ஓட்டுக்குப் பேசத் தெரியாது. இந்தக் காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள். வெறுமனே "தொடாதே" என்றால் ஒருவராவது பையில் போட்டுக்கொள்வார்.

இன்னொரு இடமும் போகலாமா?

நேரம் இருந்தால் ஒன்றே ஒன்று. என் பரிந்துரை மானாமதுரை. அதே நெடுஞ்சாலையில் மேலும் 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டங்களும் கடம் என்ற இசைக்கருவியும் அங்கே உருவாகின்றன. காலையில் பெட்டிக்குள் பார்த்த பானை, மாலையில் ஒருவர் கையில் சக்கரத்தின்மேல் எழும்புவதைப் பார்க்கலாம். முன்கூட்டியே பேசி வையுங்கள். வேலை நேரத்தை நமக்காக விடுகிறார்கள், அதற்கான தொகையைக் கொடுத்துவிடுவது மரியாதை. இருட்டுவதற்குள் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று கணக்கு வந்தால் மானாமதுரையை விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

மறுநாளே பேச வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், "நான் சென்ற சுற்றுலா" என்று எல்லாத் தாளும் ஒன்றுபோல் வரும். பணித்தாளின் நான்காவது வேலையில் வந்த கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, எதற்கு விடை தேட முடியும், எதற்கு முடியாது என்று வகுப்பாகச் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். விடை கிடைக்காத நல்ல கேள்விகள் இரண்டு மூன்றைத் தேர்ந்து, நன்றிக் கடிதத்தோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த வேலை சொந்த ஊரில். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள், அது படி, ஓலைப்பெட்டி, பாக்குவெட்டி எதுவானாலும் சரி, கொண்டுவந்து நாற்பது சொல்லுக்குள் அதற்கு விளக்கப் பலகை எழுதச் சொல்லுங்கள். யாருடையது, எப்போதிலிருந்து, யார் சொன்னார் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளி வராந்தாவில் ஒரு வாரம் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கீழடிக்குப் போய்வந்த பிள்ளைகள் அப்புறம் கண்மாய்க் கரையிலும் வயலிலும் ஓடு தேட ஆரம்பிப்பார்கள். எதையாவது பார்த்தால் தோண்டக் கூடாது, இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். நீங்கள் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவரின் கடமையும்கூட.

கடிதங்களின் நகல், செலவுக் கணக்கு, பணித்தாள், எந்தத் தலைப்பில் நேரம் போதவில்லை என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அலுவலக அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு ஆசிரியர் இந்தப் பொறுப்பை எடுக்கும்போது அவருக்கு இரண்டு வாரம் மிச்சமாகும்.